வழுக்கும் எஃகு விட்டுச்சென்ற பாதை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பொடோமாக் ஆற்றங்கரையில், அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே கம்பர்லண்ட் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்து சைக்கிளில் வடமேற்காகக் கிளம்புகிறவர் சுமார் 38 கிலோமீட்டரில் 530 மீட்டருக்கும் மேல் ஏறி, கடல்மட்டத்திலிருந்து 729 மீட்டர் உயரத்தில் ஒரு நீர்பிரிமேட்டைத் தொடுவார். அந்த மேட்டுக்குக் கிழக்கே விழும் மழை செசபீக் விரிகுடா வழியாக அட்லாண்டிக்கைச் சேர்கிறது. மேற்கே விழும் மழை ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகளோடு கலந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. ஒரு கண்டத்தின் தண்ணீரையே இரண்டாகப் பங்கிடும் இந்த மலைமுதுகை, பந்தயம் எதிலும் கலந்துகொள்ளாத சாதாரண மனிதர்கள் மூட்டை முடிச்சோடு மிதித்தே கடந்துவிடுகிறார்கள். வழியில் எந்த இடத்திலும் நூறு மீட்டருக்கு 1.75 மீட்டருக்கு மேல் ஏற்றம் கிடையாது.

இந்த வழியின் பெயர் கிரேட் அலெகேனி பேசேஜ். கம்பர்லண்டிலிருந்து பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் வரை 240 கிலோமீட்டர். கம்பர்லண்டிலிருந்து எதிர்த்திசையில் செசபீக்–ஒஹையோ கால்வாயின் கரைப்பாதை தொடங்கி, 297 கிலோமீட்டர் ஓடி வாஷிங்டனில் முடிகிறது. இரண்டும் சேர்ந்து 530 கிலோமீட்டருக்கும் அதிகம். ஊர்ச் சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களையும் சில நகரப் பகுதிகளையும் விட்டால், ஏறக்குறைய முழு வழியிலும் மோட்டார் வண்டிகள் இல்லை. பெரும்பகுதியில் தார் இல்லை, கான்கிரீட் இல்லை. நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லையோ மண்ணையோ இறுக்கிய தளத்தின் மேல் டயர் உருளும் மெல்லிய கரகரப்பு மட்டும் கூடவே வரும்.

கிராவல் சைக்கிளிங் என்று உலகமெங்கும் பரவியிருக்கும் சரளைப்பாதைப் பயணத்தின் இன்பம் இப்படிப்பட்ட பாதைகளில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. அந்த இன்பத்துக்கு அடியில் மூன்று உராய்வுகள் வேலை செய்கின்றன. எஃகுக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வு பாதையின் சாய்வைத் தீர்மானித்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு அதன் தளத்தைத் தாங்குகிறது. கல்லின் மேல் உருளும் ரப்பரில் நடக்கும் இழப்பு நம் உழைப்பில் எவ்வளவு வீணாகும் என்பதைச் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எஃகின் பலவீனம்

ரயில் சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. இரண்டும் கடினமானவை என்பதால் பாரம் ஏறும்போது மிகக் கொஞ்சமே நசுங்குகின்றன. நசுங்கி நிமிர்வதில்தான் உருளும் சக்கரம் ஆற்றலை இழக்கிறது. நசுங்கல் குறைந்தால் இழப்பும் குறையும். சமதளத்தில் ஒரு டன் எடையை ரயிலில் உருட்டிக்கொண்டே போக ஒன்றிரண்டு கிலோ எடைக்குச் சமமான விசை போதும். சரளைப்பாதையில் ஒரு நல்ல சைக்கிள் டயருக்கே டன்னுக்கு எட்டு கிலோவை ஒட்டி வேண்டியிருக்கும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. நசுங்காத எஃகு தண்டவாளத்தைப் பற்றிக்கொள்வதும் இல்லை. உலர்ந்த தண்டவாளத்தில் ஓர் எஞ்சின், தன் இயக்குச் சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு விசையைத்தான் இழுப்பதற்குப் பயன்படுத்த முடியும். அதற்கு மேல் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். 100 டன் எஞ்சினின் முழு எடையும் இயக்குச் சக்கரங்களின் மேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பிடிமானம் 25 டன். 1.75 சதவீத ஏற்றத்தில் அந்தப் பிடிமானம் ஏறக்குறைய 1,400 டன் ரயிலை மேலே கொண்டுபோகும். அதே எஞ்சின் 6 சதவீத ஏற்றத்தில் சுமார் 415 டன்னோடு நின்றுவிடும். மற்ற இழப்புகளைக் கணக்கில் சேர்த்தால் இரண்டு எண்களும் இன்னும் குறையும். நிலக்கரி ஏற்றிப் பிழைக்க வேண்டிய கம்பெனிக்கு இந்த வித்தியாசம் வாழ்வா சாவா என்ற கேள்வி.

ஆகவே மலையை ஏற முடியாத ரயிலுக்காக மலையையே திருத்தினார்கள். வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912-இல் கம்பர்லண்டிலிருந்து கானல்ஸ்வில் வரை இந்தத் தடத்தைத் திறந்தது. பிக் சாவேஜ் மலைக்குள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் குகை குடைந்தார்கள். காசெல்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் சாலிஸ்பரி அருகே 582 மீட்டர் நீளத்துக்கு உயரமான பாலம் கட்டினார்கள். மேடுகளை வெட்டிய மண்ணைக் கொண்டு பள்ளங்களை நிரப்பினார்கள். 1975-இல் அந்த ரயில் தடம் கைவிடப்பட்டது. தண்டவாளம் போய்விட்டது. சாய்வு அப்படியே நின்றது. 1986-இல் ஒஹையோபைல் என்ற சிற்றூரில் முதல் துண்டு சைக்கிள் பாதையாகத் திறந்தது. கடைசித் துண்டு இணைந்து பிட்ஸ்பர்க் வரை வழி முழுமையானது 2013-இல்.

கால்வாய்க்கரைப் பாதையை அமைத்தவர்களுக்கு விதி இன்னும் கடுமையானது. தேங்கிய நீர் சாய்வாக நிற்காது. 1828-இல் தோண்டத் தொடங்கி 1850-இல் கம்பர்லண்டை எட்டிய அந்தக் கால்வாய், மொத்தம் 184 மீட்டர் உயரத்தை 74 நீர்ப்பூட்டுகளால் ஏறுகிறது. ஒரு பூட்டுக்குச் சராசரியாக இரண்டரை மீட்டர். படகை இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த கரை, இரண்டு பூட்டுகளுக்கு இடையே மட்டமாகவும் பூட்டை ஒட்டி ஒரு சிறு ஏற்றமாகவும் அமைந்தது. 1924-இன் வெள்ளம் படகுப் போக்குவரத்தை முடித்துவைத்தது. பின்னாளில் அந்தத் தடத்தின் மேல் கார்ச் சாலை போடத் திட்டம் எழுந்தபோது, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் அதன் முழு நீளத்தையும் நடந்தே கடக்கக் கிளம்பி அனைவரின் கவனத்தையும் ஈர்த்தார். 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

இந்தச் சாய்வு மனித உடலுக்கு என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். 1.75 சதவீத ஏற்றத்தில் மலையை எதிர்ப்பதற்கு 51 வாட், டயர் இழப்புக்கு 24 வாட், காற்றைத் தள்ள 9 வாட். மொத்தம் 85 வாட்டுக்குள் அடங்கிவிடும். மலைச்சாலைகளில் சாதாரணமாகக் காணும் 8 சதவீத ஏற்றத்தில் அதே வேகத்துக்கு 265 வாட்டுக்கு மேல் வேண்டும். முதல் எண்ணை வழக்கமாக ஓட்டுகிற எவரும் மணிக்கணக்கில் தர முடியும். இரண்டாவது எண்ணைப் பயிற்சி பெற்றவர்கள்கூடச் சிறிது நேரமே தாங்குவார்கள். எஃகின் பிடிமானக் குறைவு போட்ட வரம்பும் நம் தசைகள் சுகமாக உழைக்கும் வரம்பும் இவ்வளவு அழகாக ஒத்துப்போவது இந்தப் பாதைகளின் பெரும் பேறு.

கல்லும் தூளும்

ரயில் போன பிறகு மிஞ்சுவது ஒரே அளவில் உடைத்த பெரிய ஜல்லி. மழைநீர் தங்காமல் வடிய வேண்டும், தண்டவாளக் கட்டையின் அதிர்வைத் தாங்க வேண்டும் என்பதற்காக ரயில்வே வேண்டுமென்றே தூளைச் சலித்து நீக்கிய கல் அது. அதன் மேல் சைக்கிள் ஓட்ட முடியாது. சைக்கிளுக்கு நேர் எதிரான கலவை வேண்டும்: சுண்டுவிரல் நகம் அளவுக் கல்லிலிருந்து மாவு போன்ற தூள் வரை எல்லா அளவும் கலந்திருக்க வேண்டும்.

காரணம் இடுக்குகளில் இருக்கிறது. பெரிய கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைச் சிறிய கற்களும், அவற்றுக்கு இடையே உள்ளதைத் தூளும் நிரப்பும்போது ஒவ்வொரு கல்லும் பல பக்கங்களில் மற்றக் கற்களைத் தொடும். தொடும் இடங்கள் கூடக் கூட உராய்வும் கூடும். கல்லின் வடிவமும் முக்கியம். ஆற்றில் உருண்டு தேய்ந்த கூழாங்கல்லை எவ்வளவு கொட்டி அழுத்தினாலும் கோலிக்குண்டுகளின் மேல் நடப்பதுபோல நழுவிக்கொண்டே இருக்கும். நொறுக்கிய கல்லுக்கு முனையும் முகமும் உண்டு. ஒன்றின் முனை இன்னொன்றின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து அழுத்தினால் இறுகும், கலையாது.

இதைச் சாலைக் கலையாக மாற்றியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லவுடன் மெக்காடம். 1816-இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற அவர், வண்டிச்சக்கரத்தின் இரும்புப் பட்டையைவிட நன்கு சிறியதாகக் கல்லை உடைத்து மேலடுக்கில் பரப்பினால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று காட்டினார். கல்தூளையும் தண்ணீரையும் சேர்த்து உருளையால் அழுத்தும் கப்பிச் சாலை அதன் வளர்ச்சி. அமெரிக்காவில் மெக்காடம் முறையில் அமைந்த முதல் சாலை 1823-இல் மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனுக்கும் பூன்ஸ்பரோவுக்கும் இடையே முடிந்தது. கால்வாய்க்கரைப் பாதை கடந்துபோகும் அதே வட்டாரம்.

சுண்ணாம்புக்கல்லுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. அதன் தூள் நனைந்து உலரும்போது கால்சியம் கார்பனேட் சிறிதளவு கரைந்து மீண்டும் படிந்து, துகள்களை லேசாக ஒட்டவைக்கிறது. பதமாக இறுகிய தளம் சிமெண்டு போல் கெட்டியாகாது. ஆனால் சைக்கிளுக்குப் போதுமான அளவுக்குக் கட்டுக்கோப்பாக இருக்கும். நடுவில் சற்று உயர்த்தி ஓரங்களுக்குத் தண்ணீர் வடியவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். பதத்துக்கு மேல் நீர் புகுந்தால் அது துகள்களுக்கு இடையே அழுத்தம் கொடுத்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான பிடியைத் தளர்த்திவிடும். பனி உருகும் பருவத்தில் பாதை சொதசொதப்பதும் அப்போது ஆழமான தடம் விழுவதும் இதனால்தான். பிக் சாவேஜ் குகையின் இரு வாயிலையும் குளிர்காலத்தில் கதவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே கசியும் நீர் உறைந்து விரிந்தால் கல்லையும் பிளந்துவிடும்.

எந்தக் கல் என்பதும் பயணத்தின் இயல்பை மாற்றும். கன்சாஸ் மாநிலத்தின் ஃப்ளிண்ட் ஹில்ஸ் பகுதியில் சுண்ணாம்புக்கல்லுக்குள் அடுக்கடுக்காகச் சிக்கிமுக்கிக்கல் புதைந்திருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவையில் சுண்ணாம்புக்கல் 3, சிக்கிமுக்கி 7. உடையும்போது அது கண்ணாடிபோல் கூரிய விளிம்பு கொடுக்கும். ஆதிமனிதர் அதில் கத்தி செய்தது அந்த விளிம்புக்காக. அதே விளிம்பு டயரின் பக்கச்சுவரையும் கிழிக்கும். இந்தக் கற்பாங்கான நிலத்தில் கலப்பை இறங்காததால்தான் அங்கே உயர்புல்வெளி பிழைத்தது. ஒருகாலத்தில் வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடந்த அந்தப் புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில் இருக்கிறது. உழவு குறைந்ததால் ஊர்களும் குறைவு, வண்டிகளும் குறைவு. உலகின் புகழ்பெற்ற சரளைப்பாதைப் பந்தயமான அன்பவுண்ட் கிராவல், 2006-இல் அங்குள்ள எம்போரியாவில் தோன்றியதற்கு அந்த ஆளில்லாச் சாலைகள் காரணம். புல், கல், அமைதி மூன்றும் ஒரே நிலவியலின் விளைவு.

டயருக்குள் இருக்கும் காற்று

டயரைக் கல்போல் அடித்து வைத்தால் வேகமாகப் போகும் என்பது பலகாலப் பழக்கம் தந்த எண்ணம். மழமழப்பான தளத்தில் அது ஓரளவு சரி. உருளும்போது டயரின் ரப்பர் நசுங்கி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வராமல் ஒரு பகுதி வெப்பமாகிறது. காற்றைக் கூட்டினால் நசுங்கல் குறையும், அந்த இழப்பும் குறையும்.

சரளையில் இன்னொரு இழப்பு நுழைகிறது. கல்போன்ற டயர் ஒரு சிறுகல்லின் மேல் ஏறும்போது வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்குகிறது. ஒவ்வொரு சக்கரமும் தன் பங்கு 45 கிலோவை 5 மில்லிமீட்டர் தூக்கினால் 2.2 ஜூல் செலவு. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 4.4 ஜூல். மீட்டருக்கு ஒரு கல் என்று வைத்து, தூக்கிய ஆற்றல் திரும்பவில்லை என்று கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 24 வாட் கரைகிறது. அது எங்கே போகிறது? கை, தொடை, முதுகுத் தசைகள் அதிர்ந்து அதை வெப்பமாக்கிவிடுகின்றன. மாலையில் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலிப்பதில் இந்த அதிர்வுக்கும் பங்கு உண்டு.

காற்றைக் குறைத்தால் அதே கல் டயருக்குள் அமுங்கிப் போகும். காற்று ஒரு வில்போல் அழுந்தி, கல் கடந்ததும் விரிந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை முன்னோக்கியே திருப்பித் தருகிறது. ஆள் ஆடாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் ரப்பரின் இழப்பு கூடுகிறது, மறுபக்கம் அதிர்வின் இழப்பு குறைகிறது. இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் அழுத்தமே அந்தத் தளத்துக்கு உரிய அழுத்தம். தளம் கரடாகக் கரடாக அந்தப் புள்ளி கீழே நகரும்.

45 கிலோ தாங்கும் சக்கரத்தில் 100 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 6 சதுர சென்டிமீட்டர். 35 பி.எஸ்.ஐ. இருந்தால் 18 சதுர சென்டிமீட்டர். மூன்று மடங்கு பரப்பில் பாரம் பரவும்போது டயர் தளர்ந்த கல்லுக்குள் புதைவதும் குறைகிறது, பிடியும் கூடுகிறது. ஆனால் மெல்லிய டயரில் காற்றைக் குறைத்தால் பெரிய கல் ஒன்றில் ரிம் இடித்து ட்யூபைக் கடித்துவிடும். அதனால்தான் கிராவல் சைக்கிள்களில் 40 மில்லிமீட்டரை ஒட்டிய அகலமான டயர்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ட்யூபே இல்லாத டயருக்குள் ஓட்டையடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டுகிறவர்களும் அதிகம்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை என்பதுதான் நெகிழவைக்கும் செய்தி. 1845-இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார், அது பரவவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்டின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காக மறுபடி கண்டுபிடித்த அதே டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மறு ஆண்டே வில்லியம் ஹியூம் என்ற வீரர் காற்று டயரோடு பந்தயங்களை வென்றார். பார்க்க உப்பலாகவும் மந்தமாகவும் தோன்றிய டயர், கெட்டி ரப்பர் டயர்களை முந்தியது. அன்றைய சாலைகள் எல்லாம் கரடானவை. காற்று டயர் சரளைக்காகவே பிறந்தது.

மணிக்கு 20 கிலோமீட்டரில் காற்றை எதிர்க்க ஏறத்தாழ 40 வாட், சரளையில் டயருக்கும் ஏறத்தாழ 40 வாட். 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மட்டும் 140 வாட் கேட்கும். நிதானமாகப் போகிறவருக்கு விலையுயர்ந்த இலகுரக வண்டியைவிடச் சரியான டயரும் சரியான காற்றுமே அதிகம் உதவும்.

கனம் வந்தால் தளம் போகும்

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே லாரிகளை வட்டப்பாதைகளில் திரும்பத் திரும்ப ஓட்டி, சாலை எப்படிச் சேதமாகிறது என்று அளந்தார்கள். ஆஷோ சாலைச் சோதனை என்ற அந்த ஆய்விலிருந்து பிறந்தது நான்காம் படி விதி: அச்சுப் பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்காகும். சைக்கிளின் ஓர் அச்சில் 45 கிலோ, காரின் ஓர் அச்சில் 750 கிலோ என்று கொண்டால், ஒரு கார் செய்யும் சேதத்துக்கு எழுபதாயிரம் சைக்கிள்களுக்கு மேல் போக வேண்டும். தார், கான்கிரீட் தளங்களுக்காக எழுந்த விதி இது. சரளைக்கு அடுக்கு எண் அப்படியே பொருந்தாவிட்டாலும் போக்கு அதேதான்.

வேகமும் சேர்ந்தால் வேறொரு கேடு வருகிறது. மண்சாலைகளில் குறுக்கே வரிவரியாக மேடுபள்ளம் விழுந்து வண்டியைக் குலுக்கியெடுப்பதை எல்லோரும் அனுபவித்திருப்போம். 2007-இல் நிக்கோலா தாபெர்லே, ஸ்டீபன் மாரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் ஆகிய இயற்பியலாளர்கள், சுழலும் மேடையில் மணலைப் பரப்பி அதன் மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டு இதை ஆராய்ந்தார்கள். சக்கரத்தில் ஸ்பிரிங் எதுவும் இல்லாதபோதும் வரிகள் தோன்றின. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே தளம் மட்டமாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் சிறு மேடு ஒன்றில் சக்கரம் துள்ளி, விழுந்த இடத்தில் மண்ணைத் தள்ளி, அடுத்த மேட்டை உருவாக்கியது. கனமான வண்டிகள் வேகமாகப் போகும் சரளைச்சாலையை எத்தனை முறை சமன்செய்தாலும் வரி திரும்பி வருவது இதனால்தான்.

ஆகவே மோட்டார் வண்டியைத் தடுக்க நிறுத்தும் கம்பத்துக்குப் பொறியியல் காரணமும் உண்டு. கனமும் வேகமும் உள்ளே வராதவரை மெல்லிய கல்தூள் தளம் நிலைக்கும். வந்துவிட்டால் தார் போட வேண்டும். தார் போட்டால் இன்னும் கனமும் இன்னும் வேகமும் வரும்.

ஓசைக்கும் இதே கதைதான். நெடுஞ்சாலை இரைச்சலில் பெரும்பகுதி எஞ்சினிலிருந்து வருவதில்லை, டயர் சாலையில் அடிக்கும் ஓசை அது. 2012-இன் இலையுதிர்காலத்தில் இடாஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்கு அருகே, சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் ஆய்வாளர்கள் அரை கிலோமீட்டருக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாகக் கட்டி, வண்டி இரைச்சலை மட்டும் ஒலிக்கச் செய்தார்கள். வலசை வழியில் அங்கே தங்கும் பறவைகள் கால்பங்குக்கும் மேல் குறைந்தன. சில இனங்கள் ஏறக்குறைய வருவதையே நிறுத்தின. ஒலியை நிறுத்திய நாட்களில் பறவைகள் திரும்பின. வண்டியில்லை, புகையில்லை, வெளிச்சமில்லை, ஓசை மட்டுமே போதுமாக இருந்தது. அமைதியான பாதையில் நமக்குக் கேட்கும் பறவைக்குரல், அந்த அமைதி இருப்பதால்தான் அங்கே இருக்கிறது.

சாய்வு ஒரு சொத்து

1916-இல் அமெரிக்க ரயில் தடங்களின் நீளம் 4 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அதன்பின் தடம் தடமாகக் கைவிடப்பட்டன. கைவிட்டதும் பல இடங்களில் நிலம் துண்டுதுண்டாகப் பழைய உரிமையாளர்களுக்குத் திரும்பிவிடும். ஒரு துண்டில் வேலி விழுந்தால் போதும், நூறு கிலோமீட்டர் வழி முறிந்துபோகும். விஸ்கான்சின் மாநிலம் 1960-களில் எல்ராய்–ஸ்பார்ட்டா தடத்தை வாங்கி மூன்று குகைகளோடு பொதுப்பாதையாக்கி முன்மாதிரி காட்டியது. 1983-இல் அமெரிக்கச் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பிற்காலத்தில் ரயிலுக்குத் தேவைப்பட்டால் திருப்பித் தரும் நிபந்தனையோடு, கைவிடும் தடத்தைத் துண்டாக்காமல் பாதையாகப் பயன்படுத்தலாம் என்றது அது. 1990-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மிசூரி மாநிலத்தின் சுமார் 385 கிலோமீட்டர் நீளக் கேட்டி பாதை உள்பட எத்தனையோ வழிகள் அந்தச் சட்டத்தால் பிழைத்தன.

இந்தச் சட்டத்தின் மதிப்பை இயற்பியலே சொல்லிவிடுகிறது. சரளையை எந்த ஆண்டும் புதிதாகக் கொட்டலாம், டயரை மாற்றலாம், பாலத்துக்குப் பலகை போடலாம். மலைகளின் ஊடாக 1.75 சதவீதத்தில் ஒரு கோட்டை மறுபடி இழுக்க வேண்டுமென்றால் குகையும் வெட்டும் கரையும் புதிதாக வேண்டும். நிலக்கரியின் வருமானம் இல்லாமல் ஒரு சைக்கிள் பாதைக்காக யாரும் அவ்வளவு செலவு செய்யப்போவதில்லை. எங்கே ஒரு பழைய தடம் சும்மா கிடந்தாலும், அங்கே முதலில் காப்பாற்ற வேண்டியது அதன் தொடர்ச்சியையும் சாய்வையும். பணமும் தளமும் பிறகு வரலாம். கிரேட் அலெகேனி பேசேஜுக்கு முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை 27 ஆண்டுகள் ஆயின. தொடர்ச்சியைக் கைவிடாமல் காத்ததால் அந்தக் காத்திருப்புக்குப் பலன் கிடைத்தது.